யாரோடு மோதவிடுவது?

1985 மார்ச் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் மைக் டைசன் தன் முதல் தொழில்முறைச் சண்டைக்கு மேடையேறினார். எதிரே ஹெக்டர் மெர்சிடிஸ் என்றொருவர். ஒரே ரவுண்டில் கதை முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டைசன் இன்னும் பதினான்கு சண்டைகள் போட்டுவிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே டைசனின் வாரிசு என்று பேசப்படும் பிரிட்டிஷ் இளைஞர் மோசஸ் இட்டாமா 2025ஆம் ஆண்டு முழுவதும் சண்டை போட்டது இரண்டே முறை. மே மாதம் கிளாஸ்கோவில் ஒன்று, ஆகஸ்டில் ரியாத்தில் ஒன்று. முதலாவது இரண்டாம் ரவுண்டில் முடிந்தது, அடுத்தது முதல் ரவுண்டிலேயே.

இரண்டு பேருக்கும் திறமையில் குறையில்லை. இரண்டு பேரையும் கைப்பிடித்து அழைத்து வந்தவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான். மாறியிருப்பது தொழில். குறிப்பாக, வளரும் ஹெவிவெயிட் ஒருவரை யாரோடு மோதவிடுவது, யாரோடு மோதவிடக் கூடாது, எப்போது, எத்தனை ரவுண்டுக்கு என்று முடிவெடுக்கும் வேலை. அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் குத்துதான் கண்ணில் படும். அந்தக் குத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, மேனேஜரும் மேட்ச்மேக்கரும் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, நாலு பேருக்கு போன் செய்து, பேரம் பேசி, பாதி முடிவை எழுதி வைத்திருப்பார்கள்.

மற்ற எடைப் பிரிவுகளை விட ஹெவிவெயிட்டில் இந்த வேலை கடினம். 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் பெரும்பாலும் எல்லோரும் ஒரே பிரிவு, உச்சவரம்பே கிடையாது. 100 கிலோ பையன் 125 கிலோ ஆளோடு மோத வேண்டி வரும். சிறிய எடைகளில், நூறு சண்டை தோற்ற அனுபவசாலி ஒருவரை இளைஞனுக்கு எதிரே நிறுத்தலாம்; அவர் நாலு ரவுண்டு சமாளித்து, பையனுக்கு நாலு நெளிவுசுளிவைக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு ஊரில் இன்னொரு பையனோடு ஆடப் போய்விடுவார். பிரிட்டனில் கிறிஸ்டியன் லைட் என்பவர் 300 சண்டைகள் போட்டு 279இல் தோற்றார். அது ஒரு தொழில், மரியாதையான தொழிலும்கூட. ஹெவிவெயிட்டில் அப்படி ஒருவர் நீடிப்பது அபூர்வம். அங்கே மட்டமான வீரரின் கையிலும் ஒரு குத்து இருக்கும். அது சரியான இடத்தில் விழுந்தால், மூன்று ஆண்டுத் திட்டம் மூன்று விநாடியில் போய்விடும்.

இந்தக் கலையின் அடிப்படை எளியது. சங்கீதம் கற்பவருக்குச் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாக வைப்பதைப் போல எதிராளிகளை வரிசைப்படுத்துவது. முதலில் நேரே நின்று அடிவாங்கக்கூடியவர். பிறகு உயரமானவர். பிறகு இடக்கையர். பிறகு கட்டிப்பிடித்தே ரவுண்டைக் கழிக்கிறவர். அதற்கப்புறம் வயதாகிவிட்ட, ஆனால் கையில் கனம் போகாத ஒரு பழைய பெயர். நாலு ரவுண்டு ஆறாகும், ஆறு எட்டாகும், எட்டு பத்தாகும். ஒவ்வொருவரும் பையனுக்கு ஒரு கேள்வி போடுவார். விடை தெரியாவிட்டால் மேட்ச்மேக்கர் ஒரு படி இறங்கி, அதே மாதிரி இன்னொருவரைத் தேடுவார்.

இதைச் செய்யச் சண்டைகள் நிறைய வேண்டும். அன்று நிறைய இருந்தன. 1934 ஜூலை 4 அன்று சிகாகோவில் தொழில்முறைக்கு வந்த ஜோ லூயிஸ், டிசம்பருக்குள் பன்னிரண்டு சண்டைகள் போட்டார். முழுசாக ஓராண்டு ஆவதற்குள் முன்னாள் உலகச் சாம்பியன் ப்ரீமோ கார்னேராவோடு யாங்கி ஸ்டேடியத்தில் நின்றார். மேனேஜர்கள் ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக். டிரெய்னர் ஜாக் பிளாக்பர்ன். மூவரும் கறுப்பினத்தவர். கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சனுக்குப் பிறகு எந்தக் கறுப்பின ஹெவிவெயிட்டுக்கும் பட்டத்துக்கான வாய்ப்பே தராத காலம் அது. ஆகவே அவர்கள் எதிராளியை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. லூயிஸ் யாரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், வென்ற பிறகு முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை தீர்மானித்தார்கள்.

அவ்வளவு கவனமாக இருந்தவர்களும் சறுக்கினார்கள். 1936 ஜூனில், பழைய சாம்பியன், முப்பது வயதானவர், இன்னொரு படிக்கட்டு என்று நினைத்து ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கைப் பிடித்துப் போட்டார்கள். லூயிஸ் ஜாப் குத்து விட்டதும் இடக்கையைத் தாழ்த்துகிறார் என்பதைப் படச்சுருளில் பார்த்து வைத்திருந்தார் ஷ்மெலிங். பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸ் நாக்அவுட். என்ன செய்தார்கள்? ஆகஸ்டிலேயே முன்னாள் சாம்பியன் ஜாக் ஷார்க்கியோடு மோதவிட்டார்கள். அதை வென்றார். அடுத்த ஆண்டு ஜூன் 22 அன்று ஜேம்ஸ் பிராடாக்கை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். தோல்வி பதிவேட்டில் ஒரு வரி. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

முகமது அலியின் தொடக்கக் காலத்தை எடுத்துப் பாருங்கள். அன்று அவர் கேஷியஸ் கிளே. லூயிவில் நகரத்துச் செல்வந்தர்கள் பதினோரு பேர் சேர்ந்து அவருக்குப் பணம் போட்டார்கள். கையெழுத்துக்கு 10,000 டாலர் தந்தார்கள். 1960 அக்டோபரில் முதல் எதிராளி டன்னி ஹன்சேக்கர், மேற்கு வர்ஜினியாவில் ஒரு சிற்றூரின் காவல்துறைத் தலைவர். அடுத்த மூன்றே கால் ஆண்டில் வரிசை அழகாக ஏறியது. 1962 பிப்ரவரியில் சானி பேங்க்ஸ் என்பவர் முதல் ரவுண்டிலேயே கிளேவைத் தரையில் உட்கார வைத்தார். எழுந்து நாலாவதில் முடித்தார் கிளே. அந்த நவம்பரில் ஆர்ச்சி மூர், வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம், முன்பு சில வாரம் கிளேவுக்கே பயிற்சி கொடுத்தவர். 1963இல் டக் ஜோன்ஸ் பத்து ரவுண்டும் தண்ணீர் காட்டினார். புள்ளியில் கிளே வென்றபோது மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டம் கூச்சலிட்டது. அதே ஆண்டு லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் நாலாவது ரவுண்டு முடியும் நேரத்தில் அவரைக் கயிற்றோடு சாய்த்தது. டிரெய்னர் ஏஞ்சலோ டன்டியின் கணக்கில் இதெல்லாம் பாடம். கீழே விழுந்தால் எழத் தெரியுமா, பத்து ரவுண்டுக்கு மூச்சிருக்குமா, கூட்டம் எதிராகத் திரும்பினால் தாங்குவானா, எல்லாம் தெரிந்துவிட்டது. உலகச் சாம்பியன் சானி லிஸ்டனோடு மோதியது இருபதாவது சண்டை.

டைசன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பழைய முறையின் கடைசிப் பெரிய உதாரணம் அவர்தான். புதிய விளம்பர முறையின் முதல் உதாரணமும் அவர்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வாத்தியார் கஸ் டமாட்டோ. மேனேஜர்கள் ஜிம் ஜேக்கப்ஸ், பில் கேட்டன். டமாட்டோ 1985 நவம்பரில் இறந்துபோனார். ஒன்பது நாளில் பையன் ஹூஸ்டனில் மேடையேறினான். திட்டம் நிற்கவில்லை. 1986 மே 3 வரை பத்தொன்பது சண்டைகள், பத்தொன்பதும் நாக்அவுட், அதில் பன்னிரண்டு முதல் ரவுண்டில். ஏமாந்துபோக இதைவிட நல்ல பட்டியல் கிடையாது. பையன் பயங்கரமானவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கு என்ன தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. அப்போதுதான் ஜேம்ஸ் டில்லிஸைக் கொண்டுவந்தார்கள். ஒருமுறை உலகப் பட்டத்துக்குப் பதினைந்து ரவுண்டு ஆடித் தோற்றவர். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான், ஆனால் கால் வேகமும் அனுபவமும் போகவில்லை. கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சிறிய ஊர், ஆனால் நாடு முழுக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பு.

டில்லிஸ் ஓடவில்லை. குத்திவிட்டு நகர்ந்தார், நெருங்கினால் அணைத்துப் பிடித்தார், விட்டதும் மறுபடி குத்தினார். நாலாவது ரவுண்டில் ஒரு இடது ஹூக் வீசித் தவறவிட்டபோது டைசனின் எதிர்க்குத்தில் கீழே போனார். அந்த ஒரு முறைதான். எழுந்து பத்தாவது மணி வரை நின்றார். இரண்டு நடுவர்கள் 6-4 என்றே கொடுத்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக டைசன் ஒரு முழுச் சண்டை ஆடியிருந்தார், அதுவும் நெருக்கமாக. பதினேழே நாளில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மிட்ச் கிரீன். நெடிய ஆள், பிடித்துக்கொண்டே இருப்பவர். மறுபடியும் பத்து ரவுண்டு. இந்த இருபது ரவுண்டும்தான் நவம்பர் 22 அன்று ட்ரெவர் பெர்பிக்கை இரண்டு ரவுண்டில் முடித்து, இருபது வயது நாலு மாதத்தில் உலகச் சாம்பியன் ஆனவரின் உண்மையான அடித்தளம் என்பது என் கருத்து. முதல் ரவுண்டு நாக்அவுட்கள் எல்லாம் விளம்பரம்.

அந்த விளம்பரத்தையும் அதே மேனேஜர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஜேக்கப்ஸும் கேட்டனும் உலகின் மிகப்பெரிய குத்துச்சண்டைப் படச்சுருள் சேகரிப்புக்குச் சொந்தக்காரர்கள். டைசனின் நாக்அவுட்களை மட்டும் வெட்டி ஒட்டி வீடியோ கேசட்டுகளாக்கி, ஊர் ஊராகப் பத்திரிகையாளர்களுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். முழுச் சண்டை யாருக்கும் தேவைப்படவில்லை, இருபது விநாடி போதும். இன்று கைபேசியில் நாம் தள்ளித் தள்ளிப் பார்ப்பது அந்த கேசட்டின் பேரப்பிள்ளைகளைத்தான்.

பழைய காலத்தைப் பற்றி இப்படி எழுதும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாம் பொற்காலமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கார்னேராவையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிக்காரர், மலைபோன்ற உருவம். அவரை அமெரிக்காவில் நடத்தியது நிழலுலகம். பல சண்டைகள் முன்பே பேசி முடிக்கப்பட்டவை என்று அன்றே எல்லோரும் பேசினார்கள். 1933இல் பட்டம் வந்தது, மறு ஆண்டு மாக்ஸ் பேயர் அவரைத் தரையில் உருட்டி எடுத்தார். சம்பாதித்ததில் பெரும்பகுதி அவர் கைக்கு வரவேயில்லை. தேர்ந்தெடுக்கும் கலை என்று நான் சொல்வதன் மறுபக்கம் இது. அதற்கும் முன்பு சாம் லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் ஒருவரோடு ஒருவர் பதினைந்து முறைக்கு மேல் மோதினார்கள். விரும்பியா மோதினார்கள்? வெள்ளைச் சாம்பியன்கள் கதவைச் சாத்திவிட்டதால் வேறு ஆள் கிடைக்கவில்லை. எதிராளியைத் தேர்ந்தெடுப்பதே சிலருக்கு மட்டும் கிடைத்த சலுகை.

அலெஹாந்த்ரோ லாவராண்டே என்ற அர்ஜென்டினா இளைஞரைப் பற்றி இன்று பேசுபவர்கள் குறைவு. உயரம், அழகு, வலது கை நாக்அவுட், எல்லாம் இருந்தது. 1961இல் ஸோரா ஃபோலி என்ற முன்னணி வீரரை வீழ்த்தியதும் சட்டென்று தரவரிசையில் மேலே போய்விட்டார். கற்றுக்கொண்டது கொஞ்சம், பெயர் அதிகம். 1962 மார்ச்சில் ஆர்ச்சி மூர் அவரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். ஜூலையில் கேஷியஸ் கிளே ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜானி ரிகின்ஸ் என்பவரோடு ஏற்றினார்கள். ஆறாவது ரவுண்டில் விழுந்தவர் பிறகு முழு நினைவுக்குத் திரும்பவில்லை. 1964 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் இறந்தார். ஆறு மாதத்தில் மூன்று நாக்அவுட், ஒருவரும் நிறுத்தவில்லை. இன்றாக இருந்தால் முதல் நாக்அவுட்டுக்குப் பிறகே ஆணையம் கட்டாய ஓய்வு விதித்திருக்கும், மூளை ஸ்கேன் கேட்டிருக்கும், அமெரிக்காவின் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்தத் தடை கூடவே போயிருக்கும். அமெரிக்க நாடாளுமன்றம் 1996இல் இயற்றிய தொழில்முறைக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம், வீரருக்கு அடையாள அட்டையும் எண்ணும் வந்தது, எல்லாம் இதற்காகத்தான். லூயிஸ் தோற்ற இரண்டாவது மாதம் மேடையேறியதை மேலே மெச்சுவதுபோல் எழுதினேன். அதே பழக்கம்தான் லாவராண்டேவைக் கொன்றது.

ஆக, அன்றும் இளைஞர்களைப் பாதுகாத்தார்கள், இன்றும் பாதுகாக்கிறார்கள். எதைப் பாதுகாக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நல்ல மேனேஜர் அன்று பையனின் உடம்பையும் மனசையும் காலத்துக்கு முந்திய அடியிலிருந்து காப்பாற்றினார்; பதிவேடு எப்படி வேண்டுமானாலும் போகட்டும். இன்று காப்பாற்றப்படுவது பதிவேட்டின் கடைசியில் நிற்கும் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தின் விலை எப்போது ஏறியது? ராக்கி மார்சியானோ 49 வெற்றி, தோல்வி இல்லை என்று 1956இல் ஓய்வு பெற்றது ஒரு தொடக்கம். ஆனால் அதைச் சரக்காக மாற்றியது தொலைக்காட்சி. வாரந்தோறும் வீட்டிலேயே சண்டை பார்க்கக் கிடைத்ததும், ஐம்பதுகளில் ஊர்ச் சிறு அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. பையன்கள் படிக்கும் பள்ளிக்கூடம் போயிற்று. தொலைக்காட்சிக்குத் தோற்றவன் வேண்டாம். எனவே தோற்காதவர்களை உற்பத்தி செய்ய வேண்டியதாயிற்று. 1977இல் டான் கிங் ஏபிசி தொலைக்காட்சிக்காக நடத்திய அமெரிக்கச் சாம்பியன்ஷிப் போட்டியில், வீரர்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட தி ரிங் இதழின் பட்டியலில் நடக்காத சண்டைகளே வெற்றிகளாக ஏறியிருந்தன. விஷயம் வெளியே வந்ததும் ஏபிசி போட்டியைப் பாதியில் நிறுத்தியது.

பொய்ச் சண்டை எழுதாமலே அதே பலனைப் பெறலாம் என்று காட்டியவர்கள் டென்னிஸ் ராப்பபோர்ட்டும் மைக் ஜோன்ஸும். அவர்களுடைய வீரர் ஜெரி கூனி, வெள்ளையர், ஆறடி ஆறு அங்குலம், இடது ஹூக் ஒன்று போதும். 1980 மேயில் ஜிம்மி யங், நாலு ரவுண்டு. அக்டோபரில் ரான் லைல், வயது 39, ஒரு ரவுண்டு. 1981 மே 11 அன்று கென் நார்ட்டன், வயது 37, 54 விநாடி. மூன்று பெரிய பெயர்கள், மூன்றும் உச்சத்தைத் தாண்டிய பெயர்கள், மொத்தம் ஆறு ரவுண்டுகூட முழுசாக இல்லை. பிறகு பதின்மூன்று மாதம் சும்மா உட்கார வைத்தார்கள், ஏனென்றால் லாரி ஹோம்ஸோடு பட்டச் சண்டை கோடிக்கணக்கில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. நடுவில் எவனாவது தட்டிவிட்டால் எல்லாம் போய்விடும். 1982 ஜூன் 11 அன்று கூனி துணிச்சலாகவே ஆடினார். மூன்று ரவுண்டு, நாலு ரவுண்டு போனதும் அவருக்குப் பழக்கமில்லாத நாட்டில் இருந்தார். பதின்மூன்றாவது ரவுண்டில் அவருடைய டிரெய்னரே உள்ளே ஏறி நிறுத்தினார். கூனி கெட்ட வீரர் அல்ல. வணிகமாகப் பார்த்தால் ராப்பபோர்ட்டும் ஜோன்ஸும் தோற்கவில்லை. கறாராகப் பேசி நல்ல பணம் வாங்கிக் கொடுத்தார்கள். பையனுக்குத் தேவையான நாலு சண்டையை மட்டும் விற்றுவிட்டார்கள்.

இன்றைய பாணியின் மூலம் கூனிதான். டியோன்டே வைல்டரைப் பாருங்கள். 2015 ஜனவரியில் பெர்மேன் ஸ்டிவர்னோடு பட்டத்துக்கு மோதப் போனபோது அவர் கணக்கு 32 சண்டை, 32 நாக்அவுட். ஒன்றுகூட நாலாவது ரவுண்டைத் தாண்டவில்லை. அந்த இரவில் பன்னிரண்டும் ஆடிப் புள்ளியில் வென்றார். தன்னால் ஐந்தாவது ரவுண்டு ஆட முடியுமா என்பதையே உலகப் பட்டச் சண்டையில்தான் தெரிந்துகொண்டார். அவருக்கு அது வாய்த்தது.

பட்டங்கள் பெருகியதும் மேனேஜருக்கு இன்னொரு வசதி. இன்று நாலு சங்கங்கள், நாலு பெல்ட்டுகள். போதாதென்று ஒவ்வொரு சங்கத்துக்கும் கண்டங்களுக்கிடையே, சர்வதேசம், வெள்ளி என்று குட்டிப் பெல்ட்டுகள். பெயர் தெரியாத ஒருவரை வென்று அவற்றில் ஒன்றை வாங்கினால் முதல் பதினைந்துக்குள் இடம் கிடைத்துவிடும். முன்பு எதிராளியை மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள் இப்போது சாம்பியனையே தேர்ந்தெடுக்கலாம். ஆண்டனி ஜோஷுவாவின் பதினாறாவது சண்டையில், அந்த நாலு சங்கங்களில் ஒன்றான ஐபிஎஃப்பின் பட்டம் கைக்கு வந்தது எப்படி? 2016 ஜனவரியில் எதிராளி முழங்கால் பிசகி வெளியேறியதால் சாம்பியனான சார்லஸ் மார்ட்டினை ஏப்ரலில் லண்டனுக்கு அழைத்து வந்து இரண்டு ரவுண்டில் முடித்தார்கள். புத்திசாலித்தனமான தேர்வு என்றுதான் சொல்வேன், டைசன் காலத்திலும் மூன்று சாம்பியன்கள் இருந்தார்கள். ஆனால் சாம்பியனான பிறகு ஜோஷுவா தன் பாடங்களைப் பல்லாயிரம் பேருக்கு நடுவில் படிக்க வேண்டியிருந்தது. 2017இல் விளாடிமிர் கிளிட்ஷ்கோவிடம் ஆறாவது ரவுண்டில் விழுந்து, எழுந்து, பதினோராவதில் வென்றார். அது பெரிய இரவு. 2019 ஜூன் 1 அன்று, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிய ஜாரெல் மில்லருக்குப் பதிலாகக் கடைசி வாரங்களில் கிடைத்த ஆண்டி ரூயிஸ் அவரை நாலு முறை கீழே தள்ளினார். அவசரத்தில் போட்ட பெயர் அது. தொப்பை ஆள்தானே என்று நினைத்தார்கள், கை வேகத்தை யாரும் எடை போடவில்லை.

சண்டைகள் ஏன் இவ்வளவு குறைந்தன என்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. ஒரு சண்டைக்கு எட்டு, பத்து வாரம் முகாம். ஒளிபரப்பு நிறுவனம் தரும் தேதிதான் தேதி. மேலும், பையன் பயங்கரமானவன் என்று இரண்டு வீடியோவில் தெரிந்துவிட்டால், தரவரிசையில் இடம் வைத்திருக்கும் எவரும் அவனோடு கையெழுத்துப் போடமாட்டார்கள். தோற்றால் இடம் போகும், வென்றால் பெரிதாக எதுவும் வராது. மேனேஜர் நல்ல எதிராளியைத் தேடினாலும் கிடைப்பது வயதானவர், அல்லது தன் தோல்வியை நல்ல விலைக்கு விற்க வந்தவர். இன்னொன்று, 2000இல் தொடங்கிய பாக்ஸ்ரெக் தளம். யார் யாரோடு எங்கே தோற்றார் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பொய்க் கணக்கு எழுதுவது இதனால் ஒழிந்தது, பெரிய நன்மை. கூடவே, பத்தாவது படிக்கும் பையன்கூடப் பூஜ்யத்தை எண்ணிப் பார்க்கிறான்.

படிப்பு இப்போது ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில் நடக்கிறது. இளைஞர்கள் பெரிய வீரர்களின் முகாம்களுக்குப் போய் நூற்றுக்கணக்கான ரவுண்டு ஆடுகிறார்கள். தலைக்கவசம், பெரிய உறை, கூட்டம் இல்லை. உடம்புக்கு அது நல்லதா கெட்டதா என்று மருத்துவர்கள் சொல்லட்டும். ஆனால் புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் வழியும்போது என்ன செய்வது என்பதை ஸ்பாரிங்கில் கற்க முடியாது.

பழைய முறை மறுபடியும் திரும்புகிறதோ என்று நினைக்க வைத்தவர் டேனியல் டுபுவா. 2020 நவம்பரில் அவருக்கு 23 வயது, பதினைந்து வெற்றி. புரமோட்டர் ஃபிராங்க் வாரன், தன்னிடமே இருந்த இன்னொரு தோற்காத வீரர் ஜோ ஜாய்ஸோடு அவரை மோதவிட்டார். அப்படி யாரும் சாதாரணமாகச் செய்வதில்லை. பெருந்தொற்றுக் காலம், ஆளில்லாத கூடம். ஜாய்ஸின் ஜாப் ஒவ்வொன்றும் அதே இடது கண்ணில். பத்தாவது ரவுண்டில் டுபுவா ஒரு முழங்காலை ஊன்றினார், எழவில்லை. கண்குழி எலும்பு முறிந்திருந்தது. கோழை என்று எழுதினார்கள், பழைய வீரர்கள் உட்பட. 2023இல் ஒலெக்சாண்டர் உசிக்கிடமும் தோற்றார். பூஜ்யம் போய்விட்டதால் இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, அடுத்த ஒன்பது மாதத்தில் கடினமானவர்களாகவே எடுத்தார்: ஜாரெல் மில்லர், பிறகு பிலிப் ஹ்ர்கோவிச். 2024 செப்டம்பர் 21 அன்று வெம்ப்ளியில் 96,000 பேர் முன்னிலையில் ஜோஷுவாவைத் திரும்பத் திரும்ப வீழ்த்தி ஐந்தாவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். அடுத்த ஜூலையில் உசிக்கிடம் மறுபடி தோற்றார். அதனால் அவர் விலை குறைந்துவிடவில்லை.

இதற்குச் சவூதி அரேபியப் பணம் ஒரு காரணம். ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் போகாத பிரிட்டனின் இரண்டு பெரிய புரமோட்டர்கள், வாரனும் எடி ஹெர்னும், 2024 ஜூனில் ரியாத்தில் ஐந்துக்கு ஐந்து என்று தங்கள் ஆட்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். தோற்றாலும் நல்ல தொகை என்றால் பூஜ்யத்தைப் பூட்டி வைக்கும் அவசியம் குறைகிறது. அதே பணம் 2023இல் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை ஆடிய ஃபிரான்சிஸ் நிகானுவையும் சாம்பியன் டைசன் ஃபியூரியின் எதிரே நிறுத்தியது என்பதையும் மறக்க வேண்டாம். ஃபியூரி மூன்றாவது ரவுண்டில் தரையில் உட்கார்ந்தார். நடுவர்கள் பிரிந்து கொடுத்த புள்ளியில் தப்பினார். 1957இல் சியாட்டிலில் சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனும், முதல் தொழில்முறைச் சண்டைக்கு வந்த ஒலிம்பிக் சாம்பியன் பீட் ராடமேக்கரிடம் இரண்டாவது ரவுண்டில் இப்படித்தான் விழுந்தார். பேட்டர்சனின் மேனேஜர் யார் என்று நினைக்கிறீர்கள்? டைசனின் வாத்தியார் டமாட்டோ! பாதுகாப்பான எதிராளி என்று யாரும் உத்தரவாதம் தர முடியாத பிரிவு இது.

இட்டாமாவின் கையில் அபூர்வமான வேகம் இருக்கிறது; இடக்கையர் வேறு. டைசனின் இளவயதுச் சாதனையை முறியடிப்பார் என்று பேசினார்கள். அதற்கான கெடு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, அதற்குள் பட்டச் சண்டை அமையவில்லை. அமையாததே நல்லது என்று நினைக்கிறேன். டில்லியன் வைட் என்ற 37 வயதுக்காரரை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது கண்ணுக்கு விருந்து. ஆனால் அதுவரை அவருக்கு ஒரு ஜேம்ஸ் டில்லிஸ் வரவில்லை. அவருடைய புரமோட்டர் வாரன் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது அப்படி ஒருவரை, அதுவும் பட்டத்துக்கு முன்பே. அடுத்த முறை ஓர் இளம் ஹெவிவெயிட்டின் பெயருக்கு எதிரே 13-0 என்று பார்க்கும்போது, அவர் மொத்தம் எத்தனை ரவுண்டு ஆடியிருக்கிறார் என்ற எண்ணையும் தேடிப் பாருங்கள். பதின்மூன்று சண்டை முடித்த 2025 ஆகஸ்ட் வரை மோசஸ் இட்டாமா ஏழாவது ரவுண்டைப் பார்த்ததில்லை.